நான் போடாத பிரேக்: ஆடுகோடியிலிருந்து திருவண்ணாமலைக்கு

பெங்களூரிலிருந்து திருவண்ணாமலைக்கு எலெக்ட்ரிக் காரில் போவது பற்றி இந்தத் தளத்தில் ஏற்கெனவே இரண்டு பதிவுகள் எழுதியிருக்கிறேன். படித்தவர்கள் இன்னமும் கேள்வி அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். எங்கே சார்ஜ் போடலாம், எவ்வளவு நேரம் ஆகும், அந்த ஓட்டுநர் உதவி வசதி நம் ரோட்டுக்குச் சரிப்படுமா? தனித்தனியாகப் பதில் எழுத இப்போது மனசில்லை. போன மழைக்காலம் முடிந்த கையோடு, ஒரு சனிக்கிழமை, அதே காரில் அதே வழியில் போனோம். அந்தப் பயணத்தையே எழுதிவிடுகிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்காக: எனக்கு ஐம்பத்தெட்டு வயது. கழுத்து எலும்பு தேய்ந்து, அரை மணி நேரம் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தால் வலது கை மரத்துப்போகும். என் கணவர் சேகருக்குக் கண்ணில் பிரச்சினை, வண்டி ஓட்டுவதில்லை. என் அக்கா வசந்தா திருவண்ணாமலையில் தனியாக இருக்கிறாள். வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ். மாதம் ஒருமுறையாவது நான் போய் இரண்டு நாள் கூட இருந்தால்தான் அவளுக்குச் சாப்பாடு இறங்கும்.

இந்தக் காரை வாங்கியதே அதற்காகத்தான். நெடுஞ்சாலையில் ஒரு பொத்தானை அழுத்தினால், முன்னால் போகிற வண்டிக்குத் தக்கபடி தானே வேகத்தைக் கூட்டும், குறைக்கும். கோட்டுக்குள்ளேயே போகும். கை ஸ்டியரிங் மேல் இருக்க வேண்டும், கண் ரோட்டில் இருக்க வேண்டும், ஆனால் இறுக்கம் வேண்டாம். ஒன்றரை வருடம் அப்படித்தான் போய்வந்தேன். கழுத்து வலி இல்லாமல் அக்கா வீட்டு வாசலில் இறங்கும்போது, எனக்கு வயது குறைந்துவிட்ட மாதிரி இருக்கும்.

அந்தச் சனிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்னால், வியாழக்கிழமை, காரின் சாஃப்ட்வேருக்கு ஒரு அப்டேட் வந்தது. வீட்டுக்குக் கீழே சார்ஜில் நின்ற வண்டி தானே இறக்கிக்கொண்டது. "பாதுகாப்பு அம்சங்கள் மேம்படுத்தப்பட்டுள்ளன" என்று திரையில் ஒரே வரி. எங்கள் மாடல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அன்றைக்கு அது திருவிழாக் கூட்டம். வளைவில் இப்போது வெண்ணெய் மாதிரி திரும்புகிறது என்றார் ஒருவர். ஹெப்பால் மேம்பாலத்தில் சும்மா சும்மா பிரேக் பிடிக்கிறது, பின்னால் வந்த ஆட்டோக்காரர் அப்பா அம்மாவையெல்லாம் இழுத்துவிட்டார் என்றார் இன்னொருவர். உடனே அவர் மேல் பத்துப் பேர் பாய்ந்தார்கள். கேமராவைத் துடைத்தீர்களா? உங்களுக்கு ஓட்டத் தெரியுமா? பிடிக்கவில்லை என்றால் பெட்ரோல் வண்டிக்கே போங்கள். பழைய வெர்ஷனுக்குத் திரும்ப முடியுமா என்று நான் கேட்டேன். "முடியாது" என்று ஒரே ஒருவர் பதில் போட்டார்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஆடுகோடியில் கிளம்பினோம். அங்கிருந்து திருவண்ணாமலை சுமார் இருநூறு கிலோமீட்டர். பொம்மனஹள்ளி தாண்டி எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஏறினதும் வழக்கம்போலப் பொத்தானை அழுத்தினேன். இரண்டு கிலோமீட்டர் கூடப் போயிருக்க மாட்டோம். முன்னால் ரோடு காலி. தலைக்கு மேலே பச்சைப் பலகை ஒன்று வந்தது. வண்டி திடீரென்று குனிந்தது. எண்பதில் போனது நாற்பதுக்கு வந்துவிட்டது. சேகரின் மடியில் இருந்த பிளாஸ்க் உருண்டு காலடியில் விழுந்தது. பின்னால் வந்த கம்பெனி பஸ் ஹாரனை அமுக்கியபடி பக்கத்து லேனுக்கு ஒடித்துக்கொண்டு போனது.

"என்ன ஆச்சு? நாய் கீய் வந்துச்சா?" என்றார் சேகர்.

"ஒண்ணும் வரலை. அதுவா போட்டுச்சு."

வசதியை அணைத்துவிட்டு, அங்கிருந்து நானே ஓட்டினேன். ஓசூர் தாண்டுவதற்குள் கை மரக்க ஆரம்பித்தது.

சூளகிரிக்குப் பக்கத்தில் ஒரு உணவகத்தில் சார்ஜ் போட நிறுத்துவது எங்கள் வழக்கம். இரண்டு முனைகள் உண்டு, காலை எட்டு மணிக்கு முன்னால் போனால் காத்திருக்க வேண்டாம், நாற்பது நிமிடம் போதும், நானூற்றுச் சொச்சம் ரூபாய் ஆகும். பக்கத்து முனையில் எங்கள் மாடலே நின்றது. அதன் சொந்தக்காரர் நவீன், குழுவில் எல்லோருக்கும் தெரிந்த பெயர். கோரமங்களாவில் இருக்கும் கன்னடக்காரர், நன்றாகத் தமிழ் பேசுவார். வெண்ணெய் மாதிரி என்று எழுதியவர் அவர்தான். மேம்பாலத்தில் நடந்ததைச் சொன்னேன்.

"அக்கா, புது சாஃப்ட்வேர். ஸ்வல்ப டைம் குடுங்க. நீங்க பயந்து பயந்து ஓட்டினா அதுக்கும் குழப்பம்தானே?" என்று சிரித்தார்.

"உங்க வண்டியில இந்த மாதிரி ஒரு தடவை கூட ஆகலையா?"

"நம்மது சூப்பரா இருக்கு, அக்கா." பதில் சட்டென்று வந்தது. அதற்குள் போனை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. திரையில் மெனுவுக்குள் மெனுவாகத் தேடி, தானாகப் பிரேக் பிடிக்கும் வசதியையும் அணைத்தேன். கழுத்து வலித்தாலும் பரவாயில்லை, இன்றைக்கு முழுக்க நானே ஓட்டிவிடுகிறேன் என்று சேகரிடம் சொன்னேன். கிருஷ்ணகிரியில் காபிக்கு ஐந்து நிமிடம் நிறுத்திவிட்டு, திருவண்ணாமலை ரோட்டில் திரும்பினோம்.

மத்தூர் தாண்டி ஊத்தங்கரைக்குப் போகும் வழியில் ஓர் இடத்தில் மரங்கள் ரோட்டுக்கு மேலே கவிந்திருக்கும். நல்ல வெயில், அதன் நடுவே கறுப்புப் பட்டையாக நிழல். எதிரே வண்டி இல்லை. முன்னாலும் இல்லை. அறுபதில் போய்க்கொண்டிருந்தேன். நிழல் தொடங்கும் இடத்தில் சிவப்பு எழுத்து மின்னியது, ஒரு அலறல் சத்தம் வந்தது, கார் தன் முழு பலத்தோடு பிரேக் பிடித்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தேன், கேட்கவில்லை. பின்னால் டமார் என்று சத்தம்.

இறங்கி ஓடினேன். ஒரு பைக் சாய்ந்து கிடந்தது. ஓட்டி வந்தவர் எழுந்து நின்றுவிட்டார். முப்பத்தைந்து வயது இருக்கும், முழங்கையில் ரத்தம். பின்னால் உட்கார்ந்து வந்த அவர் மனைவி ரோட்டோரம் உட்கார்ந்து, வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தாள். மணிக்கட்டு, இருக்கவேண்டிய விதத்தில் இல்லை. அவள் அழவில்லை. கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முன்னாடி ஒண்ணுமே இல்லையேம்மா," என்றார் அவர். கோபத்தைவிட, புரியாமல் கேட்கிற குரல். "எதுக்கும்மா பிரேக் போட்டீங்க?"

"நான் போடலைப்பா. வண்டி போட்டுடுச்சு."

அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. பொய் சொல்கிற பணக்கார அம்மாளைப் பார்ப்பது போலத்தான் பார்த்தார். வேறு எப்படிப் பார்ப்பார்?

இரண்டு பேரையும் காரில் ஏற்றினேன். அப்போதுதான் திரையைக் கவனித்தேன். மூலையில் சின்னதாக ஒரு பச்சை விளக்கு. நான் சூளகிரியில் அணைத்த வசதி, கிருஷ்ணகிரியில் வண்டியை மறுபடி கிளப்பியபோது தானே உயிர் பெற்றிருந்தது. முன்பெல்லாம் ஒன்றை அணைத்தால் அணைத்தபடி இருக்கும். இந்த அப்டேட்டில், பாதுகாப்புக்காக, அதை மாற்றியிருக்கிறார்கள். பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அவர் பெயர் மாதேஷ், அவள் செல்வி. இருவருக்கும் வேலை பொம்மசந்திராவில். அவர் கிடங்கில், அவள் ஒரு மருந்துக் கம்பெனியில் மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் அடுக்கும் வேலை. லீவுக்கு ஊருக்கு வந்தவர்கள். ஊத்தங்கரை அரசு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து, இரண்டு இடத்தில் எலும்பு முறிவு என்றார்கள். ஆபரேஷன் தேவைப்படலாம் என்று தர்மபுரிக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

விசாரிக்க வந்த ஏட்டு நல்ல மனிதர்தான். பொறுமையாகக் கேட்டார்.

"பின்னாடி வந்து இடிச்சவன் மேலதாம்மா தப்பு வரும். இடைவெளி விட்டு வந்திருக்கணும். நீங்க ஏன் பயப்படறீங்க?"

"அவர் மேல தப்பே இல்லை சார். வெறும் ரோட்டுல வண்டி தானா பிரேக் போட்டுச்சு."

"தானா போட்டுச்சுன்னு நான் எப்படிம்மா எழுதறது?" என்று பேனாவை மூடினார். "அப்படி எழுத இடமே இல்லையே."

வழக்கு வேண்டாம் என்று மாதேஷே சொல்லிவிட்டார். தப்பு தன் பேரில் விழும் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. செலவை நாங்கள் ஏற்றுக்கொண்டோம். அது எதையும் ஈடுகட்டவில்லை.

அங்கிருந்து திருவண்ணாமலை அறுபத்தைந்து கிலோமீட்டர். ஒவ்வொரு முறை நிறுத்திக் கிளப்பும்போதும் மெனுவுக்குள் போய் அணைத்து அணைத்து ஓட்டினேன். ஒவ்வொரு மர நிழலிலும் என் கால் தானே தூக்கிக்கொண்டது. கண்ணாடியில் பின்னால் பைக் தெரிந்தாலே ஓரம் கட்டி, அதைப் போக விட்டேன். மாலை ஐந்து மணிக்கு மேல்தான் போய்ச் சேர்ந்தோம். மத்தியானத்துக்குச் செய்த சாப்பாட்டை மூடி வைத்துக்கொண்டு அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். நடந்ததைக் கேட்டுவிட்டு உள்ளே போய்த் தட்டு எடுத்து வைத்தாள். சாப்பாடு போடும்போது சொன்னாள்.

"இனிமே என்னைப் பார்க்க வண்டி ஓட்டிட்டு வராதடி. எனக்காக வந்து இன்னொருத்தி கை போச்சுன்னா, அந்த நினைப்பை என்னால சுமக்க முடியாது."

திரும்பி வர ஆள் வைத்து ஓட்டச் சொன்னோம். பெங்களூர் வந்ததும் பொம்மசந்திராவில் இருக்கும் சர்வீஸ் சென்டருக்கு வண்டியைக் கொண்டுபோனேன். நான்கு நாள் வைத்திருந்துவிட்டுக் கூப்பிட்டார்கள். எனக்குப் பதில் சொன்ன பெண் மரியாதையாகவே பேசினாள்.

"பதிவெல்லாம் பார்த்துட்டோம் மேடம். முன்னாடி ஒரு பொருள் இருக்குன்னு சிஸ்டம் கண்டுபிடிச்சிருக்கு, பிரேக் போட்டிருக்கு. எப்படி வேலை செய்யணுமோ அப்படித்தான் செஞ்சிருக்கு."

"என்ன பொருள்மா அது?"

"அது காட்டாது மேடம்."

"அப்போ பழைய சாஃப்ட்வேரையே போட்டுக் குடுங்க."

"அது ஆகாது மேடம். அடுத்த அப்டேட்ல சரி பண்ணலாம்."

குழுவில் எல்லாவற்றையும் எழுதினேன். இடம், வேகம், செல்வியின் கை, எதையும் விடவில்லை. ஒருவர், ஓட்டுபவர்தான் எப்போதும் பொறுப்பு, வாங்கும்போது கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே என்றார். ஒருவர் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். ஒருவர் புது சக்கர மூடிகளின் படத்தைப் போட்டார். சாயங்காலம் பார்த்தபோது என் பதிவையே காணோம், குழு நடத்துபவர் எடுத்துவிட்டிருந்தார்.

மறுநாள் நவீன் போன் செய்தார்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. எனக்கும் மூணு தடவை ஆச்சு. ஒரு தடவை குழந்தை பின்னாடி சீட்ல இருந்தது."

"அப்போ ஏன் அன்னிக்கு அப்படிச் சொன்னீங்க?"

"வண்டியை விக்கப் பாக்கறேன் அக்கா. குரூப்ல இதெல்லாம் வந்துச்சுன்னா யார் வாங்குவாங்க? நிறையப் பேருக்கு ஆயிருக்கு. யாரும் எழுத மாட்டாங்க."

போனை வைத்தேன். அவர் விற்கப்போகும் வண்டியும் இதே ரோட்டில்தானே ஓடும் என்று தோன்றியது. என்னுடையதை என்ன செய்வது என்று எனக்கே தெரியவில்லை. விற்கவும் மனம் வரவில்லை, ஓட்டவும் முடியவில்லை. கீழே நிற்கிறது. போன வாரம் இன்னொரு அப்டேட் இறங்கியது. அதே ஒரு வரிதான் திரையில்.

செல்வியைப் பார்க்க இரண்டு முறை பொம்மசந்திராவுக்குப் போனேன். ஒற்றை அறை வீடு. இரண்டாவது முறை போனபோது கட்டைப் பிரித்திருந்தார்கள். விரல்கள் பாதிக்கு மேல் மடங்கவில்லை. கம்பெனியில் வேறு ஆள் போட்டுவிட்டார்களாம். இடது கையால் எனக்கு டீ ஆற்றிக் கொடுத்தாள்.

"அந்த வண்டியில என்ன கோளாறுன்னு கண்டுபிடிச்சாங்களாம்மா?" என்று கேட்டாள்.

"கோளாறு எதுவும் இல்லைன்னு சொல்லிட்டாங்க, செல்வி."

அவள் தலையாட்டினாள். மாதேஷ் எழுந்து வெளியே போய்விட்டார்.

திருவண்ணாமலைக்கு இப்போது சாந்திநகரிலிருந்து பஸ்ஸில் போகிறேன். ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, கழுத்துக்குப் பட்டை போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. மாதம் ஒருமுறை என்பது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆகிவிட்டது. அக்கா இளைத்துக்கொண்டே போகிறாள்.

யோசனை கேட்டவர்களுக்கு: சூளகிரி சார்ஜ் நிலையம் இப்போதும் நன்றாகத்தான் இருக்கிறது, காலையிலேயே போய்விடுங்கள். அப்டேட் இறங்கிய வாரத்தில் நீண்ட பயணம் வைத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு முறை கிளப்பும்போதும், நீங்கள் அணைத்தது அணைந்தபடியே இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் ரோட்டில் உங்கள் வண்டி பிரேக் போட்டிருந்தால், விற்கும் எண்ணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், எங்காவது எழுதிவையுங்கள்.

எங்கள் மாதிரி வண்டிக்குப் பின்னால் பைக்கில் வருகிறவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும்: நன்றாகத் தள்ளியே வாருங்கள். ஆனால் மாதேஷும் செல்வியும் கார்ப் பயணக் கட்டுரைகள் படிப்பதில்லை.