ஹோ ஜாயேகா

டெல்லியில் நான் பஸ் ஏறும் இடத்துக்கு எதிரே ஒரு பள்ளி. தினமும் காலை ஏழு இருபதுக்கு, வீட்டு வேலை செய்யும் ஒல்லியான ஒரு தமிழ்ப் பெண் மகளைச் சக்கர நாற்காலியில் தள்ளி வருவார். வாசலில் மகளின் தண்ணீர் பாட்டிலை வாங்கித் தன் பையில் வைத்துக்கொள்வார்.

“இந்த வெயில்ல ஏம்மா?” என்றேன் ஒருநாள்.

“குடிச்சா பாத்ரூம் போவணுமே சார்! இந்த நாற்காலி அதுக்குள்ள போவாது. வேற கட்டித் தர்றோம்னு இவ மூணாவது படிக்கறப்ப சொன்னாங்க. இப்ப ஏழாவது. கேட்டா ‘ஹோ ஜாயேகா’ங்கறாங்க. நீங்க கவர்மென்ட் ஆபீஸ்ல இருக்கீங்க, அப்பிடின்னா ஆயிடும்னுதானே அர்த்தம்?”

ஒரு கழிப்பறைக்கு நான்கு வருடமா என்று கத்த வேண்டும்போல ஆத்திரம் வந்தது. கத்தவில்லை. என் மேஜைக்கு வருபவர்களையும் நான் அதே வார்த்தையைச் சொல்லித்தான் அனுப்புகிறேன்.