சாவி டீச்சரிடம் இருக்கிறது

நான் குளியலறைக்குள் மாட்டிக்கொண்ட அன்றுதான் சாவிக்காரரோடு எனக்கு முதல் பழக்கம். தாழ்ப்பாள் இறுகிப் போய் அசைய மறுத்தது. வெளியே என் வீட்டுக்காரர், அதாவது எங்கள் தெருச் சங்கத்தின் செயலாளர், "பதறாதே, பதறாதே" என்று பதறிக்கொண்டிருந்தார். தெருமுனைக் கடையிலிருந்து சாவிக்காரர் வந்தார். கதவிடுக்கில் ஒரு தகட்டை விட்டார். நான் தலைத்துண்டைச் சரிசெய்து முடிப்பதற்குள் கதவு திறந்துவிட்டது. மனிதர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை, தாழ்ப்பாளைத்தான் முறைத்துப் பார்த்தார். அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, யார் வீட்டுக்குப் போனாலும் சொல்கிற பாடத்தை எனக்கும் சொன்னார்.

"வெளிய நிக்கிறவனுக்குக் கஷ்டமா இருக்கணும், உள்ள இருக்கிறவங்களுக்குச் சுலபமா இருக்கணும். அவ்வளவுதாம்மா பூட்டு."

வீடு தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர்கள் சாவியைத் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது என்பது அவர் கட்சி. எங்கள் தெருவில் பாதிக் கதவுகள் அவர் கைபட்டவை. பள்ளிக்கூடத்தில் வாத்தியாரின் அலமாரியைத் திறந்து காட்டி அடி வாங்கியபோதுதான் தன் தொழில் என்னவென்று தெரிந்துகொண்டாராம். இதை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். இடுப்பில் ஒரு வளையம், அதில் கொத்துக் கொத்தாகச் சாவிகள். அவர் தெருமுனை திரும்பும்போதே அந்தச் சத்தம் கேட்டு அவர் மனைவி அடுப்பில் தண்ணீர் வைத்துவிடுவார். அந்த அம்மாள் திடீரென்று போய்ச் சேர்ந்தபிறகு, சத்தம் கேட்டு எழுந்து வர அந்த வீட்டில் ஒருவரும் இல்லை. ஒரே மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள்.

அப்போதுதான் நாய் வந்தது. மருமகன் ஆசைப்பட்டு வாங்கிய நாய். குட்டியாக இருந்தவரை மடியில் வைத்துப் படமாக எடுத்துத் தள்ளினார். மடியைவிட நாய் பெரிதாகிவிட்டது, வீட்டில் குழந்தையும் பிறக்கப் போகிறது என்றதும், மாமனார் பாவம் தனியாக இருக்கிறாரே என்று அவருக்குத் திடீர்க் கரிசனம் பொங்கியது. கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விட்டார். ராட்வீலர் என்கிற சாதி. கறுப்பு உடம்பு, கன்றுக்குட்டித் தலை. அதற்கு ஏதோ ஒரு வெளிநாட்டுப் பெயர் வைத்திருந்தார்கள், சாவிக்காரர் வாயில் நுழையவில்லை. யார் கொடுத்ததோ அவர் ஞாபகமாகவே இருக்கட்டும் என்று "மாப்பிள்ளை" என்று கூப்பிட ஆரம்பித்தார். அதிலும் மரியாதை குறையாது. "மாப்ள, உக்காருங்க. மாப்ள, அவசரப்படாதீங்க." உண்மையான மாப்பிள்ளை ஒருமுறை வந்திருந்தபோது சாப்பிடக் கூப்பிட்டால் இரண்டும் எழுந்து வந்தன என்று மகள் என்னிடம் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டாள்.

சாவிச் சத்தத்துக்கு இப்போது அந்த நாய் எழுந்து நின்றது. வேடிக்கைக்காக வைத்த பெயர்தான், ஆனால் அதைக் கூப்பிடும்போது அவர் குரல் இளகிவிடும். மனைவி போன பிறகு அந்த மனிதர் சிரித்து நான் பார்த்தது நாய் வந்த பிறகுதான்.

தெருவுக்கு அப்படியில்லை. எங்கோ ஒரு ஊரில் இதே சாதி நாய் ஒரு குழந்தையைக் குதறிவிட்டதைத் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். மறுநாளே எங்கள் கார் ஷெட்டில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டாகிவிட்டது. இந்த மாதிரி நாய்கள் தெருவில் கூடாது என்று என் வீட்டுக்காரர் தீர்மானம் எழுதி வைத்திருந்தார். தீர்மானம் எழுதுவதென்றால் அவருக்குச் சாப்பாடே வேண்டாம்.

வங்கியில் வேலை பார்க்கிற எதிர்வீட்டுப் பையன், சாதியை வைத்து நாயை எடைபோடக் கூடாது, எல்லாம் வளர்ப்பில்தான் இருக்கிறது என்றான். ஒரு சிறுமியின் அப்பா எழுந்தார். வளர்ப்பு நன்றாக இருக்கிறதா என்று விசாரித்துவிட்டா என் மகள் தெருவில் நடக்க முடியும் என்று கேட்டார். இரண்டும் எனக்குச் சரியாகத்தான் பட்டது. சரியாகப் பட்டதையெல்லாம் சொன்னால் வீட்டில் நிம்மதி இருக்காது என்பதால் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சிறுமி டியூஷனுக்குப் போவது சாவிக்காரர் வீட்டுக்கு நேர் எதிரே, டீச்சர் வீட்டுக்கு. டீச்சர் ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், பஞ்சு என்கிற வெள்ளைக் குட்டை நாயோடு இருப்பவர். அன்றைக்கும் பஞ்சு அவர் மடியில் உட்கார்ந்து எல்லாரையும் பார்த்து உறுமிக்கொண்டிருந்தது. பால்காரரில் தொடங்கிக் கூரியர்காரர் வரை அது பல் பதிக்காத கணுக்கால் இல்லை. ஆனாலும் பெரிய நாயை அனுப்பித்தான் ஆகவேண்டும் என்று அழுத்தமாகப் பேசியவர் டீச்சர்தான். உங்கள் பஞ்சு கடிப்பதில்லையா என்று யாரோ கேட்க, "அது கொசுக்கடி" என்றார். ஷெட்டே சிரித்தது. சாவிக்காரரும் சிரித்தார். பிறகு எழுந்து நின்றார்.

"நான் கேட் போடுறேன். என் கையால செஞ்ச கேட். அதைத் தாண்டி அது வெளிய வந்துச்சுன்னா, நீங்க யாரும் சொல்ல வேண்டாம், நானே அனுப்பிடுறேன்."

அவர் பூட்டுமேல் யாருக்கும் சந்தேகம் கிடையாது. தீர்மானத்தை மடித்து வைத்தார்கள்.

கேட் பிரமாதமாக வந்தது. மார்பளவுக்கு இரும்புத் தகடு, அதற்கு மேலே கம்பி. வெளியிலிருந்து கைவிட்டுத் தாழ்ப்பாளைத் தொட முடியாதபடி மறைப்பு. வீட்டு முன்கதவு தெருவைப் பார்த்திருக்கும், இந்தக் கேட் பக்கத்து முற்றத்துக்கு. நாய் அங்கேதான் இருந்தது. காலையும் மாலையும் கேட்டின் உள்பக்கக் கைப்பிடியை அவர் ஒரு அழுத்து அழுத்துவார், திறந்துகொள்ளும், இருவரும் நடக்கப் போவார்கள். உள்ளே இருக்கிறவருக்கு எவ்வளவு சுலபம் பாருங்கள் என்று என்னிடம் பெருமையாக அழுத்திக் காட்டினார். அந்த இடத்தில் உள்ளே இருக்கப் போகிறவர் யார் என்று அவரும் யோசிக்கவில்லை, பார்த்துத் தலையாட்டிய நானும் யோசிக்கவில்லை. வாழ்நாள் முழுக்க வெளியே நிற்கும் திருடனையே நினைத்துப் பூட்டு செய்த மனிதர். கை அந்தப் பழக்கத்தில் போய்விட்டது.

நாய் தினமும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு மத்தியானம், அவர் கடையில் இருந்தபோது, முன்னங்காலைத் தூக்கிக் கைப்பிடிமேல் வைத்தது.

நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கேட் தானாகத் திறந்ததையும் அது வெளியே வந்து நின்று தெருவை இருபுறமும் பார்த்ததையும் கண்டேன். கைத்துணியைப் போட்டுவிட்டுச் சுவரோரம் ஓடினேன். எதிரே டீச்சர் வீட்டு வராந்தாவில் பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். வழக்கம்போலக் கட்டாமல் விட்டிருந்த பஞ்சு, வழக்கம்போலக் குரைத்துக்கொண்டு பாய்ந்து பெரிய நாயின் முன்னங்காலைக் கவ்வியது. பெரிய நாய் குனிந்து அதன் கழுத்தைப் பிடித்து ஒரே ஒரு உதறு உதறியது. அவ்வளவுதான். பஞ்சு தெருவில் துணி மாதிரி கிடந்தது.

பிள்ளைகள் யாரையும் அது திரும்பிப் பார்க்கவில்லை. நேராக நடந்து தெருமுனைக்குப் போய்ச் சாவிக்கடை வாசலில் உட்கார்ந்துகொண்டது. அது போகத் தெரிந்த இடம் அதுதான். சாவிக்காரர் அரத்தால் ஒரு சாவியைத் தேய்த்துக்கொண்டிருந்தாராம். முதலில் மாப்ள எப்படி வந்தீங்க என்று சிரித்திருக்கிறார். பிறகுதான் அதன் வாயைப் பார்த்திருக்கிறார்.

நான் கீழே ஓடியபோது டீச்சர் தெருவிலேயே உட்கார்ந்து பஞ்சுவை மடியில் வைத்திருந்தார். அழவில்லை. கழுத்து ரோமத்தைத் திரும்பத் திரும்ப நேராக்கிக்கொண்டிருந்தார். எத்தனையோ பேரைக் கடித்த நாயால் ஒருவருக்கும் தையல்கூடப் போட வேண்டி வந்ததில்லை. கடிக்கவே கடிக்காத நாய் ஒரே ஒரு தடவை கடித்தது. பஞ்சு இருந்த இடத்தில் ஒரு பிள்ளை இருந்திருந்தால் என்று தெருவே நினைத்தது. நானும் நினைத்தேன்.

மறுபடியும் கார் ஷெட், மறுபடியும் நாற்காலிகள். என் வீட்டுக்காரர் பழைய தீர்மானத்தை எடுத்து வந்திருந்தார், ஆனால் வாசிக்க மனம் வரவில்லை. சாவிக்காரரே எழுந்து, சொன்ன சொல்படி நாளைக்கு நாயை அனுப்பிவிடுவதாகச் சொன்னார். இடுப்பில் சாவி வளையம் இல்லை. எல்லாரும் தலையைக் குனிந்தபடி ஆட்டினார்கள். வங்கிப் பையனும் ஆட்டினான். கூட்டம் முடிந்தது என்று நாற்காலிகள் நகர ஆரம்பித்தபோது டீச்சர் கேட்டார்.

"எங்க அனுப்புவீங்க?"

மருமகன் முடியாது என்று சொல்லிவிட்டார். காப்பகத்தில் சேர்க்கலாம் என்றார் சாவிக்காரர். அங்கே என்ன செய்வார்கள் என்று டீச்சர் விடவில்லை. ஒரு உயிரைக் கொன்ற பெரிய நாயை யாரும் கேட்டு வரமாட்டார்கள், கொஞ்சநாள் பார்த்துவிட்டு ஊசி போட்டுவிடுவார்கள் என்பதைச் சாவிக்காரர் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

டீச்சர் வகுப்பில் பேசுகிற அதே குரலில் சொன்னார்: "இன்னொரு நாயை என் கணக்குல எழுதாதீங்க. இருந்துட்டுப் போகட்டும். நான் மன்னிச்சுட்டேன்னு மட்டும் நினைக்காதீங்க. அது வெளிய வரக் கூடாது."

நாயைப் பறிகொடுத்தவரே அப்படிச் சொன்ன பிறகு மற்றவர்கள் என்ன சொல்ல முடியும். சிறுமியின் அப்பா மட்டும் நாய்க்கு வாய்ப்பூட்டு கட்டாயம் என்றார். சாவிக்காரர் கைகூப்பினார்.

அடுத்த சில நாட்கள் அவர் கடை திறக்கவில்லை. கேட்டைக் கழற்றிப் போட்டுத் திரும்பச் செய்தார். இந்தமுறை உள்பக்கம் கைப்பிடி இல்லை, கொண்டி இல்லை, வழவழவென்று வெறும் தகடு. பூட்டு வெளியே. வேலை முடிந்த அன்று டீச்சர் வீட்டுக்குப் போனார். டீச்சர் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று நான் அங்கே போய்வந்துகொண்டிருந்த நேரம், அன்றும் அங்கேதான் இருந்தேன். அவர் ஒரு சாவியை நீட்டினார்.

"இதுக்கு ஒரே சாவிதான் டீச்சர். டூப்ளிகேட் வெட்டல. நீங்க திறந்தாத்தான் அது வெளிய வரும்."

டீச்சர் கையை நீட்டவில்லை. "நீங்க நினைச்சா ஒரு கம்பியை விட்டுத் திறந்துடுவீங்க. எனக்கெதுக்கு சாவி?"

"திறந்துடலாம் டீச்சர். திறக்க மாட்டேன்."

ஜன்னல் விளிம்பில் அதை வைத்துவிட்டு வந்துவிட்டார். வீட்டு முன்கதவு வழியாக நாயைக் கூட்டிக்கொண்டு போய்விட்டால் என்று என் வீட்டுக்காரருக்குச் சந்தேகம். செயலாளர் அல்லவா. கொஞ்சநாள் பால்கனியில் நின்று கண்காணித்தார். அப்படி எதுவும் நடக்கவில்லை, கால்தான் வலித்தது.

சாவி ஜன்னலிலேயே கிடந்தது. பிள்ளைகள்கூடத் தொடவில்லை. ஒருநாள் நான் போனபோது அது சுவரில் ஏறியிருந்தது. பஞ்சுவின் கழுத்துப்பட்டை தொங்குகிற அதே ஆணியில் மாட்டியிருந்தார்.

ஒவ்வொரு காலையும் சாவிக்காரர் நாய்க்கு வாய்ப்பூட்டு மாட்டிக் கேட்டுக்கு உள்ளே கொண்டுவந்து நிறுத்துவார். கம்பிகளுக்கு நடுவே அவர் தலை மட்டும் தெரியும். கூப்பிடமாட்டார், மணியடிக்கமாட்டார். கொஞ்சநேரம் நின்றுவிட்டு, "வாங்க மாப்ள" என்று திரும்பி, அந்தச் சின்ன முற்றத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி நடப்பார். நாயின் நகங்கள் சிமெண்டில் உரசும் சத்தம் எங்கள் மாடி வரைக்கும் கேட்கும். பெரிய உடம்பு, ஓட இடமில்லாமல் பெருத்துக்கொண்டு போனது. பின்காலை இழுத்து நடக்க ஆரம்பித்தது. டீச்சர் தன் ஜன்னலில் நிற்பார். பஞ்சுவைக் கூட்டிக்கொண்டு அவர் நடக்கப்போன நேரமும் அதுதான்.

மழை விட்டிருந்த ஒரு காலையில் டீச்சர் செருப்பு மாட்டிக்கொண்டு தெருவைக் கடந்தார். கையில் சாவி. நான் கீழே வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தவள், அப்படியே நின்றுவிட்டேன். அவர் கேட்டின் முன்னால் நின்று, உள்ளே பார்க்காமல் கேட்டார்.

"வாய்ப்பூட்டு போட்டாச்சா?"

"போட்டாச்சு டீச்சர்."

"கயிறு?"

"ரெண்டு சுத்து சுத்திப் பிடிச்சிருக்கேன்."

டீச்சர் இரண்டு தடவை முயன்றும் சாவி துவாரத்தில் போகவில்லை. எதிரே உள்ளுக்குள் நின்றவர் நாட்டிலுள்ள எந்தப் பூட்டையும் கண்ணை மூடிக்கொண்டு திறப்பவர். ஒரு வார்த்தை சொல்லித் தரவில்லை, கம்பி வழியாகக் கையை நீட்டவில்லை. காத்துக்கொண்டிருந்தார். டீச்சர் தானே திறந்தார். திறந்த கையோடு விறுவிறுவென்று தன் வீட்டுப் படிக்குப் போய் நின்றுகொண்டார்.

அவர்கள் வெளியே வந்தார்கள். நாய் டீச்சர் பக்கம் தலையைத் திருப்பியது. சாவிக்காரர் "நேரா வாங்க மாப்ள" என்று மெதுவாகச் சொல்லி, தெருவின் மறு ஓரமாக நடத்திக்கொண்டு போனார். அவர் கண் கலங்கியிருந்தது. துடைத்துக்கொள்ளக் கை இல்லை, இரண்டு கையும் கயிற்றில் இருந்தன.

அவர்கள் தெருமுனை திரும்பியதும், இனி உள்ளே போய்விடுவார் என்று டீச்சரைப் பார்த்தேன். போகவில்லை. திரும்பி வந்தால் பூட்ட வேண்டுமே என்று சாவியை மடியில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்திருந்தார்.