மேலத்தெரு முனையில் நின்ற குதிரை

காலை ஐந்தே முக்கால். விழித்ததும் முதலில் கண்ணில் பட்டது, கொட்டகைக்குள் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்ற குதிரை. முந்தின நாள் மாலைதான் மன்னார்குடியிலிருந்து வந்திருந்தது. முகத்தைச் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. போட்ட புல் போட்டபடி கிடந்தது.

கூலித் தகராறில் சங்கத்தின் பக்கம் நின்றதால் மிராசுதார் அப்பாவை வயலிலிருந்து நிறுத்திவிட்டார். அறுப்புக்கு வெளியூர் ஆட்கள் இறங்கியிருந்தார்கள். இனிமேல் குதிரை வண்டிதான் பிழைப்பு என்று அப்பா முடிவுசெய்தார். குதிரையை விற்ற பாய் ஒன்றே ஒன்றுதான் சொல்லி அனுப்பினார்: "பயந்த உருப்படிங்க. மேல குந்திக்கிட்டு அதட்டாதீங்க. மிரள்ற எடத்துல எறங்கி, தலைமாட்டுல கூடவே நடங்க. தானாப் பழகிரும்."

பஸ் ஹாரனுக்கு மிரண்டது. வாய்க்கால் பாலத்தில் கால் வைக்க மறுத்தது. அப்பா ஒவ்வொரு இடத்திலும் இறங்கி, கழுத்தைத் தட்டி, ஊறவைத்த கொள்ளைக் கையில் காட்டி நடத்திப் போனார். மாதம் முடிவதற்குள் ஹாரனுக்குக் காதை மட்டும் அசைத்தது.

மேலத்தெருவில் மட்டும் முதல் நாளே மிரளவில்லை. அங்கே அப்பா எப்படியும் நடந்துதான் ஆக வேண்டும். எங்கள் தெருக்காரர் யாரும் அந்தத் தெருவில் வண்டியில் உட்கார்ந்து போகக் கூடாது. முனையிலேயே இறங்கி, துண்டை இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். மேலத்தெருச் சவாரி உட்கார்ந்திருக்கும், ஓட்டுகிறவர் நடப்பார். பஸ் ரோட்டுக்கு வேறு வழி இல்லை. ஒரு நாளைக்கு நாலு நடை, எட்டு மாதம்.

"அங்க மட்டும் எம்புட்டுச் சமத்தா வருது பாரு" என்று அம்மாவிடம் பெருமைப்பட்டுக்கொண்டார்.

சென்னையில் திராவிடக் கட்சி ஆட்சிக்கு வந்திருந்தது. கூலி ஒப்பந்தம் முடிந்த கையோடு சங்கம் கூடி, இனி மேலத்தெருவில் எவரும் இறங்குவதில்லை என்று தீர்மானம் போட்டது. முதலில் யார் போவது என்று கேட்டார்கள். அப்பா கையைத் தூக்கினார். எங்கள் தெருவில் வண்டி வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

மறுநாள் கல்லூரிக்குக் கிளம்பிய நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். தெருமுனையில் குதிரை நின்றது. அப்பா நாக்கைத் தட்டினார், கடிவாளத்தை உதறினார். அது அவர் வழக்கமாக இறங்கும் பக்கம் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றது.

வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்த மிராசுதார் துப்பிவிட்டு வந்தார்.

"என்னடா, தீர்மானத்துல இதுகிட்ட கைநாட்டு வாங்கலியா? ஒன்னவிட இதுக்கு மரியாத தெரியுது. எறங்குடா."

எதிர்வீட்டில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

"நா எறங்கிப் புடிச்சுக்கட்டாப்பா?"

"ஒக்காரு பாப்பா."

வண்டியோடு வந்த சாட்டை ஒன்று வண்டிக் கூரையில் செருகிக் கிடந்தது. அப்பா அதை உருவினார். முதல் அடிக்குக் குதிரை பின்னால் வாங்கியது. நாலாவது அடியில் தோல் வெடித்தது. ஏழாவது அடிக்குக் கிளம்பியது. அப்பா கடைசி வீடு வரை உட்கார்ந்தே வந்தார்.