அண்ணனின் அறுபது

அண்ணனின் பழைய மோட்டார் சைக்கிள் அறுபதில் பறப்பதாக, உக்குவளையில் அவனுக்குப் பேசிவைத்த பெண் வீட்டார் நம்பியிருந்தார்கள். எனக்குத்தான் விஞ்ஞானம் அரித்தது. மீட்டர் முள்ளை அறுபதில் அசையாமல் பிடித்து, அடுத்தடுத்த இரண்டு கிலோமீற்றர் கற்களுக்கு நடுவே நேரம் பார்த்தேன். ஒரு நிமிடத்தில் வரவேண்டிய கல், எண்பது விநாடி கழித்து ஆடி அசைந்து வந்தது. உண்மை வேகம் நாற்பத்தைந்து. அக்காவின் கியூட்டெக்ஸ் நகப்பூச்சால் மீட்டர் கண்ணாடியில் சரியான கோடுகள் போட்டேன்.

அண்ணன் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து கத்தினான். "நேத்து வரைக்கும் அறுபதுல போன வண்டி! நீ கை வச்சதும் நாப்பத்தஞ்சுக்கு எறங்கிருச்சேடா!"

"அது எப்பவுமே நாப்பத்தஞ்சுதாண்ணே."

"நாளைக்குப் பொண்ணோட அண்ணன் பின்னால ஏறி மீட்டரத்தான் பாப்பாரு. ஒன் படிப்பையா காட்டுறது?"

கோடுகளைப் பெற்றோலால் துடைத்தான். மறுநாள், எல்லாரும் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு போகவேண்டிய இராணுவச் சோதனைச் சாவடி வரைக்கும், வருங்கால மச்சானை அறுபதிலேயே கொண்டுபோனான்.