கோரையை வெட்டவிடாத ரெத்தினபாய்

ரெத்தினபாய் போய்விட்டாள் என்று நாகர்கோவில் பஸ்ஸில் கண்டக்டர்தான் சொன்னார். அடக்கத்துக்குப் போனேன். பேசியவர்கள் எல்லோரும் அவளைச் சாதுவான பெண் என்றார்கள். பதினெட்டு வருஷம் அவளோடு ஒரே புல்தரையில் வேலை பார்த்தவன் நான். எனக்கு எழுத்து தெரியாது. மகளிடம் சொல்லி எழுதவைக்கிறேன். ரெத்தினபாய் சாது இல்லை.

திற்பரப்புக்குப் பக்கத்தில் ஒரு விடுதி. அவள் களைமருந்து அடிப்பாள், நான் மெஷினில் புல் வெட்டுவேன். புல்லுக்கு நடுவே, மண்ணுக்குள் கிழங்கு விடும் கோரைக்களை மண்டிக்கிடந்தது. கோரை இலை மெழுகு பூசினாற்போல் இருக்கும், தண்ணீர் உருண்டு ஓடிவிடும். அதனால் மருந்தோடு ஒட்டுப்பசை கலப்பாள். அடிக்குமுன் ஓர் ஓரத்தில் சாக்கை விரித்து, அந்த இடத்தில் மட்டும் மருந்து படாமல் காத்து, அடித்து முடித்ததும் சாக்கை எடுத்துவிடுவாள். எதற்கு என்று கேட்டால், "சாட்சி வேண்டாமா அண்ணே?" என்பாள்.

ஒருமுறை அடித்து நாலு நாளாகியும் கோரை பச்சையாகவே நின்றது. ஞாயிற்றுக்கிழமை அங்கே கல்யாண விருந்து. மேனேஜர் எல்லோர் முன்னாலும், "மருந்த வித்துட்டு பச்சத்தண்ணிய அடிச்சியா?" என்று கேட்டார். என் பக்கம் திரும்பி, "நீரு வெட்டும் ஓய்" என்றார்.

நான் வெட்டினேன். அதை ஏன் மறைக்க வேண்டும்? ஒரு வரிசை முடித்துத் திரும்புவதற்குள் ரெத்தினபாய் வந்து மெஷினுக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"நிறுத்துங்கண்ணே! இலைதான் மருந்த குடிக்கும். குடிச்சது கிழங்குக்கு எறங்கணும். எறங்குத நேரத்துல தலைய வெட்டினா யாரு கொண்டு போவா, ஒங்க மேனேஜரா?"

"எழும்பு. இல்லன்னா நாளைக்கு வரண்டாம்" என்றார் மேனேஜர்.

எழும்பினாள். நேரே சாக்கு விரித்திருந்த ஓரத்துக்குப் போய் அவரைக் கூப்பிட்டாள். அங்கே கோரை இரண்டு விரல் கூடுதலாக வளர்ந்திருந்தது. மருந்து பட்ட இடத்தில் பழைய உயரத்திலேயே நின்றது.

"பச்சத்தண்ணி குடிச்ச கோரை வளராம நிக்குமா சார்? இது சுட்டுப்போடுத மருந்து இல்ல. மொதல்ல வளர்ச்சிய நிறுத்தும், பொறவுதான் மஞ்சளாகும்."

"சரி சரி, போய் வேலையப் பாரு."

"நான் திருடி இல்லன்னு இவங்க முன்னால சொல்லுங்க. பொறவு பாக்கேன்."

சமையல்காரர், வாட்ச்மேன், நான், மூன்று பேரும் நின்றோம். மேனேஜர் முணுமுணுத்தார். "கேக்கல" என்றாள். உரக்கச் சொன்னார்.

"வேலை போயிருந்தா?" என்று பிறகு கேட்டேன்.

"வேற வேல தேடலாம் அண்ணே. திருடிங்குத பேரோட எந்த வாசல்ல போய் நிப்பேன்?"

விருந்து பாதி பழுத்த கோரையின்மேல் நடந்தது. ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. பிறகு எல்லாம் பட்டுப்போனது. நான் வெட்டிய ஒரு வரிசை மட்டும் மறுபடியும் முளைத்தது. அதற்கு "அண்ணன் வரிசை" என்று பேர் வைத்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டிச் சிரித்தாள்.

போன மாதம் புது மேனேஜர், மருந்தடித்த மறுநாளே வெட்டச் சொன்னார். மாட்டேன் என்றேன். எழுபத்திரண்டு வயதில் முதல் தடவை. அவளிடமிருந்து எனக்கு வந்தது அந்த ஒரு சொல். இனி விடமாட்டேன்.