கல்லில் கிளைத்த கறுப்பு

பிரிசில்லா சிதம்பரத்தில் ஒரு கல்லூரித் தாவரவியல் ஆய்வகத்தில் உதவியாளர். கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். பதினொரு வருடமாகக் கல்லாகிப்போன மரத்துண்டுகளைத் தாள்போலத் தேய்த்து ஸ்லைடு செய்து தருபவர்.

2007 ஆடியில் விரிவுரையாளர் வைத்திலிங்கம் ஒரு கல்லோடு வந்தார். இமயமலைக் கல் என்று ஒரு வியாபாரி விற்றது. சாம்பல் பரப்பில் கறுப்பாக, இரண்டிரண்டாகப் பிரியும் காம்புகள். நுனியில் சின்னக் குமிழ்கள். இலை இல்லை. பூவும் விதையும் வருவதற்கு வெகுகாலம் முன்பு, தண்டுக்குள் நீர்க்குழாயோடு நிமிர்ந்து, ஸ்போர் என்னும் நுண்தூளை உதிர்த்துப் பரவிய செடிகள் அப்படித்தான் இருந்தன. நாற்பது கோடி வருடம் என்றார். கட்டுரையும் பாதி எழுதியிருந்தார்.

பிரிசில்லாவுக்குச் சந்தேகம். கிளைகள் எல்லாம் கல்லின் ஒரு விரிசலிலிருந்தே புறப்பட்டிருந்தன. செடி புதைந்த பிறகு விழுந்த விரிசலில் அது எப்படி முளைத்திருக்கும்?

"சார், ஓரத்துல கொஞ்சம் சுரண்டி, ஸ்போர் இருக்கான்னு பாக்கட்டுமா?"

"யாரு உன்ன கேக்கச் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல சார்."

வைத்திலிங்கத்துக்கும் துறைத்தலைவருக்கும் ஆகாது. தலைவர்தான் பிரிசில்லாவை வேவு பார்க்க விட்டிருக்கிறார் என்று நினைத்தார். கல் பீரோவுக்குள் போனது. சாவி அவர் பையில். பிரிசில்லா சாப்பிடப் போனாலும் எந்தப் பக்கம் போகிறார் என்று கவனித்தார். தெரிந்தேதான் மறைக்கிறாரோ என்று பிரிசில்லாவுக்கும் மனம் அரித்தது. பத்து நாள் பொறுத்துவிட்டு அவர் அறைக்கே போனார்.

"நான் வெளிய சொல்லப்போறதில்ல சார். நீங்களே ஒரு சொட்டு பெராக்சைடு விட்டுப் பாருங்க. மாங்கனீசுக் கறையா இருந்தா பொங்கும். செடியோட கரின்னா சும்மா கெடக்கும்."

வைத்திலிங்கம் எழுந்து கதவைச் சாத்தினார். சொட்டு விழுந்ததும் கறுப்பு நுரைத்தது. சாம்பல் கல் அப்படியே கிடந்தது. வேறு கிளையிலும் விட்டார். அதுவும் நுரைத்தது. விரிசல் வழியே கசிந்த நீர் விட்டுப்போன கறை.

"தலைவர்கிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல சார்."

அவர் நம்பவில்லை. கட்டுரையைக் கிழித்துப் போட்டார். பேச்சு எங்காவது கிளம்பும் என்று மாதக்கணக்கில் காத்திருந்தார். கிளம்பவேயில்லை.

2011இல் வெளிநாட்டிலிருந்து அதே நாற்பது கோடி வருடக் காலத்துச் செடியின் ஸ்லைடு ஒன்று வந்தது. வைத்திலிங்கம் பொட்டலத்தைப் பிரிக்காமல் பிரிசில்லாவின் மேசையில் வைத்தார்.

"மொதல்ல நீங்க பாருங்கம்மா."

மைக்ராஸ்கோப்பில் தண்டின் நடுவே நீர்க்குழாய்கள். பக்கத்தில் ஒரு பைக்குள், மூன்று கோடு கீறிய உருண்டை ஸ்போர்கள். பிரிசில்லா லேபிளைப் படித்தார், ஸ்லைடுக் கண்ணாடியின் ஓரத்தைத் தடவினார், மறுபடி குனிந்தார். ஒரு மணி நேரம் ஆனது.

"செடிதான் சார்," என்றார்.