உள்ளங்கை அளவு மீன்

மீன் தராசில் இன்னும் ஆடிக்கொண்டிருக்கும்போதே லோகேஸ்வரியின் பார்வை அடுத்த வீட்டு வாசலுக்குப் போய்விடும். "சீக்கிரம்லா தங்கச்சி, இன்னும் ரெண்டு தோட்டம் கெடக்கு" என்பார். மலேசியாவில் பெடாஸ் பக்கத்துத் தோட்டங்களில் பதினெட்டு ஆண்டுகளாக மோட்டார் சைக்கிளில் மீன் விற்கிறார். கை ஒரு நிமிடம் சும்மா இருக்காது. ஐஸை வாரிப் போடும், கத்தியைத் துடைக்கும், எதிரே நிற்பவரின் சட்டைக் காலரைக்கூட இழுத்துச் சரிசெய்யும்.

இப்போது அவரிடம் கெம்போங், செலார் என்று சின்ன மீன்கள் கிடைக்கும். உள்ளங்கையை மிஞ்சிய மீன் கிடைக்காது. தலைக்கறிக்குப் பெரிய சிவப்பு மீன் கேட்டால், "அது மட்டும் வேணாம்லா" என்று கிளம்பிவிடுவார்.

சென்ற ஆண்டு அப்படி ஒன்றை விற்றார். ஆறு கிலோ. கண் பளிங்குபோல் இருந்தது. மூன்று வீடுகளுக்குத் துண்டு போட்டுவிட்டுத் தலையைத் தமக்கு வைத்துக்கொண்டார். மதியம் குழம்பு, சாயங்காலம் வாந்தி, பேதி. உதடு குறுகுறுவென்று மரத்தது. மறுநாள் முகம் கழுவக் குழாயைத் திறந்தவர் அலறிக் கையை இழுத்துக்கொண்டார். பச்சைத் தண்ணீர் நெருப்பாகச் சுட்டது.

"மீன் கெட்டுப்போகலம்மா" என்றார் கிளினிக் டாக்டர். பவளப்பாறையில் கண்ணுக்குத் தெரியாத நச்சுப்பாசி ஒன்று வளர்கிறதாம். அதை மேயும் சிறு மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன, நஞ்சு அதன் உடம்பில் சேர்ந்துகொண்டே போகுமாம். ஐஸும் அதை அழிக்காது, அடுப்பும் அழிக்காது. மணம், நிறம் எதுவும் காட்டிக்கொடுக்காது.

"அப்ப நல்ல மீனுன்னு எத வச்சு சொல்றது டாக்டர்?"

படுக்கச் சொன்னார்கள். லோகேஸ்வரி கேட்கவில்லை. கணவர் குணாளனைக் காரை எடுக்கச் சொல்லி வீடு வீடாகப் போனார். இரண்டு வீடுகளில் மீன் பிரிட்ஜில் இருந்தது, திரும்ப வாங்கிக்கொண்டார். மூன்றாவது அமிர்தலிங்கம் வீடு. ஏழு மாதக் கர்ப்பிணியான மருமகள் மாதவி முதல் நாள் இரவே சாப்பிட்டுவிட்டு, தரையில் சுருண்டு கிடந்தாள்.

"பழைய மீன வித்துட்டுக் கதை வேற சொல்றியா?" என்று கத்தினார் அமிர்தலிங்கம்.

"பழசா இருந்தா நானே தூக்கிப் போட்டிருப்பேண்ணே. ஏசுறத கார்ல வந்து ஏசுங்க, மொதல்ல பிள்ளையத் தூக்குங்க!"

ஆஸ்பத்திரியில் டாக்டர் வாயைத் திறக்குமுன் மீனின் பெயர், எடை, கிளினிக்கில் சொன்ன பாசி எல்லாவற்றையும் லோகேஸ்வரி மூச்சு விடாமல் ஒப்பித்தார். மாதவி ஒன்பது நாள் கழித்து வீடு திரும்பினாள். இரண்டு மாதம் கழித்துப் பெண் குழந்தை, குறையில்லாமல் பிறந்தது.

அமிர்தலிங்கம் மட்டும் பேசவில்லை. அந்த வீட்டைக் கடக்கையில் லோகேஸ்வரி ஹார்ன் அடிப்பதில்லை, தலையையும் திருப்புவதில்லை.

போன வெள்ளிக்கிழமை அமிர்தலிங்கம் கையில் பேசின் பாத்திரத்தோடு சாலையிலேயே நின்றிருந்தார்.

"கெம்போங் அரைக் கிலோ."

லோகேஸ்வரி வண்டியை ஸ்டாண்டில் போட்டார். பெட்டியைத் திறந்து, இருந்ததிலேயே சின்ன மீன்களாக, ஒவ்வொன்றாகப் பொறுக்கி வைக்க ஆரம்பித்தார்.